வாசகர் கேள்வி - பதில்: மருத்துவ ஆய்வுகளைத் தேடும்போது

கேள்வி: சர்க்கரை நோயால் காலில் வரும் புண்ணுக்குத் தேன் தடவலாமா என்று, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் தேடினேன். முழுக் கேள்வியையும் ஆங்கிலத்தில் தட்டினால் ஒன்றிரண்டு கட்டுரைதான் வருகிறது. சொற்களைக் குறைத்தால் மலைபோல் குவிகிறது. எங்கே தப்பு?

பதில்: வாக்கியமாகத் தட்டியதுதான் தப்பு. நீங்கள் தட்டிய சொற்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்று பப்மெட் எடுத்துக்கொள்கிறது. ஒரு சொல் கூடினால் பத்துக் கட்டுரை நழுவும்.

கேள்வியிலிருந்து இரண்டே கருத்தைப் பிரித்தெடுங்கள்: நோய், சிகிச்சை. பப்மெட் முகப்பின் கீழ்ப்பகுதியில் மெஷ் என்ற தரவுத்தளத்துக்கு இணைப்பு இருக்கும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரிக்கும் பொருள்தலைப்புப் பட்டியல் அது. ஆய்வாளர் புண்ணை எந்தச் சொல்லால் எழுதியிருந்தாலும், கட்டுரை ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். அங்கே 'டயபடிக் ஃபுட்' (diabetic foot, சர்க்கரை நோய்க் கால்) என்று தேடித் தேடல் பெட்டியில் சேருங்கள். பிறகு 'ஹனி' என்று தேடி, 'அண்ட்' போட்டு இணையுங்கள்.

மெஷ் மட்டும் போதாது. புதிதாக வந்த கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் ஏறியிருக்காது. அதனால் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்க்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் இதுதான்: பப்மெட் இடமிருந்து வலமாகவே படிக்கும். 'ஹனி அண்ட் ஊண்ட் ஆர் அல்சர்' (honey AND wound OR ulcer) என்று, சொற்களைச் சுற்றி அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், தேனுக்குச் சம்பந்தமே இல்லாத வயிற்றுப் புண் கட்டுரைகள் அத்தனையும் வந்து நிற்கும். ஊண்ட், அல்சர் இரண்டையும் ஓர் அடைப்புக்குள் போடுங்கள். AND, OR என்ற இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

பிறகு இடப்பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேடிக் ரிவ்யூ', அதாவது ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் திரட்டி எடைபோடும் மீளாய்வு. கிடைக்காவிட்டால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரிக்கும் சமவாய்ப்பு முறைச் சோதனைகள். அடுத்த தேடலுக்கு முன் வடிகட்டியை நீக்க மறக்காதீர்கள். அது தானாகப் போகாது. 'ஒன்றுமே வரவில்லை' என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணமோ என்று தோன்றுகிறது!

உங்கள் கேள்விக்கே வருவோம். மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மீளாயும் காக்ரேன் அமைப்பு காயங்களுக்குத் தேன் பற்றி 2015-இல் வெளியிட்ட மீளாய்வு, சர்க்கரை நோய்க் கால் புண்ணுக்கு அது மற்றச் சிகிச்சைகளைவிட மேலா கீழா என்று தெளிவாகச் சொல்ல முடியாது, சான்றின் தரம் குறைவு என்றது. சோதனைகள் பலவற்றில் பயன்பட்டது கிருமி நீக்கிய மருத்துவத் தேன், சமையலறைப் புட்டியில் இருப்பதல்ல. புண் இருக்கிறதென்றால் தேடலோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பப்மெட்டில் இருந்தாலே நம்பகமானதுதானே?

பதில்: இல்லை. பப்மெட்டின் ஒரு பகுதியான மெட்லைனில் இதழ்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்கிறார்கள். வேறு வழிகளில் உள்ளே வரும் கட்டுரைகளும் உண்டு, சக வல்லுநர் மதிப்பாய்வுக்கு முந்தைய முன்பதிப்புகள் உட்பட. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் பப்மெட்டில் இருக்கிறது, திரும்பப் பெற்ற அறிவிப்போடு. அந்த அறிவிப்பைப் பார்க்காமல் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் நகலெடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சுருக்கத்தில் முடிவு வரியைக் கடைசியில் படியுங்கள். மனிதர்களிடமா எலிகளிடமா, எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் என்பது முதலில். 'ஆபத்து 50 சதவீதம் குறைந்தது' என்றால் எதிலிருந்து எதற்கு என்று தேடுங்கள். 1000 பேரில் 2 பேர் 1 ஆனாலும் 50 சதவீதம்தான்.

கேள்வி: முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்களே?

பதில்: முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் காப்பகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பதிப்பாளர் தளத்துக்கு நேரே போகாமல், உங்கள் நூலகத் தளத்தில் உள்நுழைந்து அந்த வழியாகப் போங்கள். சந்தா இருந்தால் அப்போதுதான் திறக்கும். அதுவும் இல்லையேல் நூலகங்களுக்கிடையிலான இரவல் கேளுங்கள். 'இலவச முழு உரை' வடிகட்டியை மட்டும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள், நல்ல மீளாய்வுகள் கண்ணில் படாமலே போகும்.