குறட்டையா, மூச்சுத் திணறலா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கட அயலிலை ஒரு பெடியன், ஹெரோயினோடை குளிசையும் போட்டிட்டு வந்து படுத்தவன். கொர்கொர் எண்டு பெரிய குறட்டை. "நித்திரை கொள்ளட்டும், விடியத் தெளியும்" எண்டு வீட்டுக்காரர் விட்டிட்டினம். விடியப் பார்த்தால் உயிர் இல்லை. முதலே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: அந்தக் குறட்டைதான் அறிகுறி. ஹெரோயின், மோர்பின், டிரமடோல் எல்லாம் அபின் குடும்பம். மூச்சை இயக்கும் மூளைப்பகுதியை இவை மந்தமாக்கும். நாக்கும் தொண்டையும் தளர்ந்து காற்றுவழியை அரைவாசி அடைக்க, அந்த இடுக்கால் காற்றுப் போகும் சத்தமே குறட்டையாகக் கேட்கிறது. இதோடு பிரீகபலின் (நரம்புவலிக் குளிசை), நித்திரைக் குளிசை, சாராயம் என்று எது சேர்ந்தாலும் மூச்சு இன்னும் அடங்கும். தனித்தனியே தாங்கிய அளவுகள் ஒன்றுசேர்ந்து ஆளைக் கொன்றுவிடும். பெரும்பாலும் இது ஒரு நொடியில் நடப்பதில்லை. ஒன்றிரண்டு மணித்தியாலம் இழுபடும். காப்பாற்ற அவ்வளவு நேரம் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளை உலுக்குங்கள். அசையாவிட்டால் மடக்கிய விரல் முட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள். நித்திரையில் இருப்பவர் முனகிக்கொண்டாவது கையைத் தட்டிவிடுவார். பிறகு மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 10க்குக் கீழே போனால் ஆபத்து. உதடும் நகமும் நீலம் பாயும். கறுத்தத் தோல் உள்ளவர்களில் அது சாம்பல் நிறமாகத் தெரியும், ஆகவே உதட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கலாம். சுருங்கவில்லை என்பதற்காக ஆறுதல்படாதீர்கள்.

உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். "மூச்சு விடுறான் இல்லை" என்பதையே முதலில் சொல்லுங்கள். கிட்டவுள்ள கோயிலையோ சந்தியையோ அடையாளம் சொல்லி, ஒழுங்கை முகப்பில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரவில் ஒழுங்கைகளுக்குள் வாகனம் சுற்றித் திரியும்.

வாகனம் வரும்வரை வேலை உங்களுடையது. மல்லாக்கக் கிடத்தி, வாயில் வாந்தியோ மாவாவோ (மெல்லும் புகையிலைக் கலவை) பொய்ப்பல்லோ இருந்தால் எடுத்துவிடுங்கள். மூச்சு மந்தமாக இருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, 5 செக்கனுக்கு ஒருதரம் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு உயராவிட்டால் தலை போதியளவு சாயவில்லை. வயிறு உப்பினால் பலமாக ஊதுகிறீர்கள். மூச்சே இல்லாமல், எந்த அசைவும் இல்லாமல் கிடந்தால் நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறிமாறிச் செய்யுங்கள். அழுத்தம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம் போகவேண்டும். மூச்சு ஒழுங்காக இருந்தால் பக்கவாட்டில் திருப்பி, மேல் முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும்.

தேசிக்காய்ப்புளி, உப்புத்தண்ணி, தேத்தண்ணி எதுவும் வேண்டாம். மயங்கியவர் வாயில் விட்டது நுரையீரலுக்குள் போகும். தேசிக்காய் போதையை முறிக்கும் என்ற நம்பிக்கை எங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அது சாராய வெறியைக்கூட இறக்காது. கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதும், கைத்தாங்கலாக நடத்துவதும் நேரத்தைத் தின்னும் வேலைகள்.

கேள்வி: கனடாவிலை இருக்கிற மகள் மூக்குக்குள்ளை அடிக்கிற ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னவ. உண்மையிலை வேலை செய்யுமோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: நலொக்சோன். அபின் வகை மருந்து மூளையில் ஒட்டும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், மூச்சு திரும்பும். கனடாவின் பல மாகாணங்களில் மருந்தகங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இங்கு அது ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடப்படும் மருந்து. மூக்கு ஸ்பிரே பொதுவாக 4 மில்லிகிராம், ஒரு தடவைக்குத்தான். "சரியாக வருகுதோ" என்று அழுத்திப் பார்த்தால் மருந்து போய்விடும். 2 - 3 நிமிடத்தில் மாற்றம் இல்லாவிட்டால் இன்னொன்றை மற்ற மூக்கில் அடிக்கவேண்டும். அதற்கிடையிலும் ஊதுவதை நிறுத்தக்கூடாது.

இதன் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடி அடங்கும். எழும்பி இருந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று கோபப்படுவார், சத்தி எடுப்பார், இன்னொருக்கால் பாவிக்கவும் ஓடுவார். விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரீகபலின், சாராயம், ஐஸ் (மெத்தம்பெட்டமைன் என்ற ஊக்கப் போதை) ஆகியவற்றுக்கு இது வேலை செய்யாது; ஆனால் எதை எடுத்தார் என்று தெரியாமல் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. இங்கே வருவிக்க நினைத்தால் முதலில் உங்கள் வைத்தியருடன் கதையுங்கள்.

கேள்வி: தம்பி ஆறு மாதம் புனர்வாழ்வு முடிஞ்சு வாறான். இனிப் பயமில்லைத்தானே?
– அக்கா ஒருவர், கோப்பாய்

பதில்: பயப்படவேண்டிய காலமே இதுதான். பாவிக்காமல் இருக்கும்போது உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். ஆனால் கைக்குத் தெரிந்தது பழைய அளவு. சிறையாலோ புனர்வாழ்வாலோ வந்த முதல் இரண்டு கிழமையில்தான் மரணங்கள் அதிகம். "தவறிப்போனாலும் பழைய அளவு எடுக்காதை, குளிசையோடை கலக்காதை, தனிய இருந்து எடுக்காதை, ஊசியைப் பங்கிடாதை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பாவிக்கச் சொன்னதாகிவிடும் என்று பல வீடுகளில் வாயைத் திறப்பதில்லை; அவர் ஒளித்துப்போய்த் தனியே எடுப்பார். குளியலறைக்கு உள்கொண்டி வேண்டாம். ஆலோசனைக்கு 1927ஐ அழைக்கலாம்.

கேள்வி: ஐஸ் எடுத்தவனுக்கும் இதேதானோ?
– குருநகர் வாசகர்

பதில்: இல்லை. ஐஸ் உடம்பைச் சூடேற்றி இதயத்தை ஓட வைக்கும். நெஞ்சுவலி, வலிப்பு, நெருப்பாய்ச் சுடும் தோல், குழம்பிய பேச்சு என்றால் 1990. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நாலுபேர் சேர்ந்து குப்புற அமத்திப் பிடிக்காதீர்கள். அந்தப் பிடியிலேயே மூச்சு நின்றுவிடலாம்.