‘ஃபிளேவர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல், சுவையா மணமா? ஊருக்கும் பாட்டுக்கும்கூட ஃபிளேவர் உண்டு என்கிறார்களே?

மலேசியாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். ஊர்க்கதையோடுதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் மீ (நூடுல்ஸ்) பொட்டலத்தில் ‘பெரிசா காரி’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, கறியைப் பெரிசாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். மலாயில் பெரிசா என்றால் ஃபிளேவர். உள்ளே பொடிதான் இருந்தது. ‘ரசா’ என்று இன்னொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. நாக்குக்குத் தெரிவதும் ரசா, மனசுக்குத் தோன்றுவதும் ரசா. நமக்கு அப்படி ஒன்று அமையவில்லை.

ஒரே சொல்தான் வேண்டும் என்றால் நான் ‘மணம்’ என்பேன். காரணம், 2022-இல் எனக்கு வந்த கோவிட். காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது, மூக்கு மட்டும் செத்துவிட்டது. ஆறாம் நாள் நண்பன் ஒருவன் அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸைத் தாப்பாவ் செய்து, அதாவது கடையில் பொட்டலம் கட்டி வாங்கி வந்து, கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். கெம்போங் மீனை அவித்து உதிர்த்த குழம்பு. புளிப்புக்கு, கேரளத்துக் குடம்புளிக்கு உறவுக்காரனான அசாம் கெலுகோர். மேலே புதினாவும் புங்கா கந்தான் என்ற இஞ்சிவகைப் பூவின் நறுக்கிய மொட்டும், ஓரத்தில் கருகருவென்று ஒரு கரண்டி இறால் விழுது. முடிச்சை அவிழ்த்தாலே வீடு முழுக்க வாசம் பிடிக்கும் சாமான் அது. ஒரு வாய் வைத்தேன். புளித்தது, உப்புக் கரித்தது, மிளகாய் சுட்டது. அவ்வளவுதான். மொட்டு நறுக்கென்று பல்லில் கடிபட்டது, ஆனால் அது பூவா வெங்காயமா என்று சொல்லத் தெரியவில்லை.

நாக்கின் கணக்கு அத்தனை சின்னது. நம் அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. அறிவியல்காரர்கள் அந்த இரண்டையும் தொடுவுணர்ச்சிப் பக்கம் தள்ளிவிட்டு, 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்த உமாமியைச் சேர்த்து ஐந்து என்கிறார்கள். ஆறோ ஐந்தோ, மிச்சமெல்லாம் மெல்லும்போது தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். நன்றாகச் சமைப்பவரை ‘கைமணம்’ என்று சொல்லித்தானே பாராட்டுகிறோம்? கைச்சுவை என்று யாரும் சொல்வதில்லை.

ஊருக்கும் அதே கதை, மண்வாசனை. படத்துக்கு மட்டும் ‘மசாலா’ என்று அடுப்படிக்கே போய்விட்டோம். இங்கத்துத் தமிழ் ராப்பில் வரிக்கு நடுவே, மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ‘லா’ விழுந்தால் போதும், நம்ம ஊர்ப் பையன் என்று தெரிந்துவிடும். அதைச் சுவை என்றால் எனக்கு ஒட்டவில்லை, வாசனை என்றால் ஒட்டுகிறது.

பினாங்கின் வாசனை எதுவென்று கேட்டால் நாசி கண்டார் கடையைத்தான் கைகாட்டுவேன். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது காவடி மாதிரித் தோளில் போடும் கம்பு. அதன் இரண்டு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். இன்று கடையில் தட்டை நீட்டினால் “பாஞ்சிரா தம்பி?” என்பார் பாய். பாஞ்சிர் என்றால் வெள்ளம். மீன் குழம்பில் அரைக் கரண்டி, கோழியில் அரை, மாட்டிறைச்சியில் கொஞ்சம், எல்லாம் சோற்றின் மேலேயே கலந்து கரை தாண்டி ஓடும். தனியாக எந்தக் குழம்பையும் தொட்டுப் பாருங்கள், இதைவிட நல்ல குழம்பு உங்கள் வீட்டிலேயே இருக்கும். கலந்த பிறகு வருகிற அந்த வாசம் வீட்டில் வராது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

சரி, மூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பக்கத்து வீட்டில் யாரோ பெலாச்சான் என்ற, மூக்கைத் துளைக்கும் இறால் கட்டியை வாட்டினார்கள். வழக்கமாக முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துவேன். அன்றைக்குச் சாத்தவில்லை.