இடது கைக்காரருக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: ஐயா, எனக்கு 58 வயது, சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். மகளும் மருமகனும் நியூசிலாந்தில் டௌபோ ஏரிப் பக்கம் குடியிருக்கிறார்கள். ஏப்ரலில் அங்கே போகிறேன். மருமகனுக்குத் துப்பாக்கி உரிமம் உண்டு. மான் வேட்டைக்குப் போவார். “மாமா, வீட்டில் ரெண்டு இருக்கு. ஒன்னு மார்லின் .30-30, லீவர். இன்னொன்னு டிக்கா .308, போல்ட். எது வேணும்னு இப்பவே சொல்லிடுங்க” என்கிறார். முதல் இரண்டு நாள் காட்டுக்குள், வானிலை நன்றாக இருந்தால் மூன்றாம் நாள் மலைமேல் என்று திட்டம். தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தபோது எம்16 துப்பாக்கி சுட்டதோடு சரி. இடது கைக்காரன் வேறு. எதைச் சொல்லட்டும்?

பதில்: தம்பி, கடைசியில் சொன்னதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 24 வருடம் ராணுவ முகாம் ஆயுதக் கிடங்கில் பழுது பார்த்தவன் நான். இடது தோளில் வைத்து எம்16 சுட்டவர்கள் பட்ட பாடு தெரியும். காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் வெற்று உறை) வலப்பக்கம் தெறிக்கும், இடது கைக்காரர் முகத்துக்கு நேரே பறக்கும். சில சமயம் சுடச்சுட ஒன்று காலருக்குள் விழுந்துவிடும். ஆள் துள்ளுவார், பக்கத்தில் படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சார்ஜன்ட் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் கண் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலேயே இருக்கும்.

மார்லின், டிக்கா இரண்டும் கம்பெனிப் பெயர்; .30-30, .308 என்பவை தோட்டா வகை. உங்கள் மருமகனுடைய டிக்கா அநேகமாக வலது கைக்காரருக்கானது. இடது கை போல்டோடும் அந்தக் கம்பெனி செய்கிறது, ஆனால் வீட்டில் இருப்பது அவருக்காக வாங்கியதாயிற்றே. போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு. அதன் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். ஒரு தடவை சுட்டதும் அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். நின்றபடி சுடும் இடது கைக்காரர் இதற்கு விசையிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே அந்தப் பக்கம் எட்ட வேண்டும். அதற்குள் மான் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும்.

லீவருக்கு இந்தத் தொல்லை இல்லை. விசைக்குக் கீழே வளையம், அதை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். எந்தக் கையானாலும் ஒன்றுதான். மார்லினும் காலி கேஸை வலப்பக்கம்தான் துப்பும், ஆனால் நீங்கள் வளையத்தை இறக்கும்போதுதான் துப்பும். உங்கள் காலருக்கு ஆபத்தில்லை.

அப்புறம் இடம். டௌபோ பக்கம் என்றால் பெரும்பாலும் கைமனாவா மலைக்காடு. அங்கே இருப்பது சிக்கா மான். ஜப்பான் வகை, 1905-ல் கொண்டுவந்து விட்டது. (நியூசிலாந்துக்கென்று சொந்த மான் கிடையாது. எல்லாம் கப்பலில் வந்தவை. இயற்கையான எதிரியும் இல்லாததால் பெருகி, காட்டைத் தின்கின்றன. அதனால்தான் அங்கே வேட்டையை யாரும் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை.) மரங்களுக்கு நடுவே மானைப் பார்க்கும் தூரம் 50 மீட்டர், மிஞ்சினால் 80. அந்தத் தூரத்தில் 1895-ல் வந்த .30-30 தோட்டாவும் 1952-ல் வந்த .308 தோட்டாவும் மானுக்கு ஒன்றுதான்.

மலைமேல் ஏறினால் கதை வேறு. இரண்டையும் 100 கெஜத்துக்குக் குறி சரிபார்த்து வைத்தீர்கள் என்று வையுங்கள். 200 கெஜத்தில் .30-30 ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கிவிடும், .308 அரைச் சாண். 300-ல் .30-30 ஒன்றரை முழம் கீழே போகும். மானின் நெஞ்சுப் பகுதியே ஒரு சாண் அகலம்தான். தவறிய குண்டு காலிலோ வயிற்றிலோ பட்டு அது காயத்தோடு ஓடினால், பொழுது சாய்ந்தாலும் தேடிப்போய் முடிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதனால் லீவர் கையில் இருக்கும்போது 120 மீட்டருக்கு அப்பால் நிற்கிற மானைப் படம் மட்டும் எடுங்கள்.

இன்னொன்று. லீவரில் குழலுக்குக் கீழே நீளமான குழாய்தான் மேகசின், அதாவது தோட்டாக்களை வைக்கும் இடம். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்; பின்னதன் மூக்கு, முன்னதன் அடியிலுள்ள தீமூட்டியை (அடிபட்டால் மருந்தைப் பற்றவைப்பது) தொட்டபடி இருக்கும். மூக்கு கூராக இருந்தால் உதைப்பில் குத்தி உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் .30-30 தோட்டாவின் மூக்கு தட்டை. இப்போது மெத்தென்ற நுனி வைத்த கூர்த் தோட்டாவும் இதற்கென்றே கிடைக்கிறது. மருமகன் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதை மட்டும் போடுங்கள். போல்ட் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், அங்கே கூர்மூக்கால் தொல்லை இல்லை.

உண்மையைச் சொன்னால், கிடங்குக்காரனாக எனக்கு லீவர்மேல் ஒரு பயம் உண்டு. 1998-ல் கூட வேலை பார்த்த ஒருவர் நியூசிலாந்தில் குடியேறி, என்னை வைக்காட்டோ பக்கம் ஆட்டுப் பண்ணை ஒன்றுக்கு அழைத்துப் போனார். காட்டாடு சுட. பழைய லீவர் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் போட்டது ஆறு தோட்டா. ஆடு வரவில்லை. மழை வந்தது. கொட்டகைக்குத் திரும்பி, வளையத்தை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி வெளியே எடுத்தேன். ஐந்துதான் வந்தன. இன்னும் இரண்டு தடவை இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. நண்பர் “காலிதான்யா, வா டீ குடிக்கலாம்” என்றார். நான் வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குழாயைக் கழற்றிப் பார்த்தால் சேறும் பழைய எண்ணெயும் சேர்ந்து, தோட்டாவைத் தள்ளும் சுருளைப் பிடித்துவைத்திருந்தன. ஆறாவது தோட்டா உள்ளேயே இருந்தது. டீ ஆறிப்போனது, பரவாயில்லை.

போல்டில் இந்த வேலை இல்லை. மேகசினைக் கழற்றி, போல்டைப் பின்னால் இழுத்துவிட்டால் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் காலி என்று தெரியும். அதனால்தான் புதிதாகக் கற்றுக்கொள்பவர் கையில் போல்டைக் கொடுக்கச் சொல்வேன், நீங்கள் மட்டும் இடது கைக்காரராக இல்லாவிட்டால்.

ஆகவே மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: “காட்டுக்குள் எனக்கு மார்லின். மலைமேல் போனால் டிக்கா.” மலைமேல் எப்படியும் முதுகுப்பையைக் கீழே வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்துத்தான் சுடுவீர்கள். அப்போது இடது கை விசையிலேயே இருக்கட்டும். சும்மா இருக்கும் வலது கை போல்டை இழுக்கும். பழகினால் வலது கைக்காரரைவிட வேகமாகவே வரும். லீவரைப் படுத்துக்கொண்டு இயக்கிப் பாருங்கள், வளையம் புல்லில் இடிக்கும்.

மார்லினைக் காட்டில் தூக்கி நடக்கும்போது குழாயில் தோட்டா இருக்கலாம், சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் அறையில் இருக்கக் கூடாது. மானைப் பார்த்த பிறகே வளையத்தை இறக்குங்கள். அறையில் தோட்டாவோடு சுத்தியலை (விசையை இழுத்தால் அடிக்கும் பாகம்) கட்டைவிரலால் மெல்ல இறக்குகிற வித்தையெல்லாம் குளிரில் விறைத்த விரலுக்கு வேண்டாம். போட்டதை எண்ணுங்கள், எடுத்ததையும் எண்ணுங்கள்.

உங்களிடம் உரிமம் இல்லாததால் மருமகன் கூடவே இருக்க வேண்டும், கை நீட்டினால் துப்பாக்கியைப் பிடிக்கும் தூரத்தில். நீங்கள் சுடும்போது அவர் சுடக் கூடாது. காதடைப்பான் மறக்காதீர்கள், நம் வயதில் இருக்கிற காதையாவது வைத்துக்கொள்வோம். முக்கியமாக ஒன்று: ஏப்ரலில் கடாமான்கள் கூவும். வேட்டைக்காரர்களும் அதேபோல் கூவி அழைப்பார்கள். புதருக்குள் கேட்கிற குரல் மானா, மான்போலக் கூவுகிற மனிதனா? அந்த நாட்டுத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் நான்காவது, குறியைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காண்பது. கொம்பும் முகமும் கழுத்தும் தோளும் சேர்ந்து தெரியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: மண்டாய் சாலையில் இரவு பஸ்ஸிலிருந்து மாட்டளவு மான் ஒன்றைப் பார்த்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: நான் நம்புகிறேன். அது கடமான். நம் காட்டில் பழங்காலத்திலிருந்தே இருந்தது, பிறகு அற்றுப்போனது. 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வாரிசுகள்தாம் இப்போது சுற்றுகின்றன. சாலையைக் கடக்க விலங்குகளுக்கென்றே 2019-ல் மண்டாயில் மேம்பாலம் கட்டினார்கள். நீங்கள் பார்த்தது பாலம் பிடிக்காத ஆள் போலிருக்கிறது.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் சுடுதளம் ஒன்றில் சுட்டுப் பார்த்தானாம். காலி கேஸ் ஒன்றை ஞாபகத்துக்குக் கொண்டுவருகிறேன் என்கிறான். கொண்டு வரலாமா? (தெம்பனிஸ் தாய்)

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. இன்றிரவே போன் போட்டுச் சொல்லுங்கள். இங்கே அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறையாத சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. காலி கேஸ்தானே என்று சாங்கி விமான நிலையத்தில் நின்று வாதாடுவது யாருக்குத் தேவை? பையன் சேவை முடித்தவன்தானே. அப்போது சுடுதளத்திலிருந்து கிளம்பும்போது பையையெல்லாம் தட்டிக் காட்டி, “என்னிடம் தோட்டாவும் இல்லை, காலி கேஸும் இல்லை, சார்” என்று கத்தியிருப்பான். பெட்டி கட்டும்போது இன்னொரு தடவை கத்தச் சொல்லுங்கள். ஜீன்ஸின் சின்னப் பாக்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.