சீனாவில் ஒரு பழைய நகரத்தை நான்கு நாளில் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது?

உங்கள் கேள்வி இது: பெற்றோருடன் சீனா போகிறீர்கள், ஒரே ஒரு வரலாற்று நகரத்தை நான்கு நாள் நிதானமாகப் பார்க்க வேண்டும், பெய்ஜிங்கா சியானா என்று குழப்பம், எப்படித் திட்டமிடுவது.

இரண்டும் பெரிய ஊர்கள், பார்க்க வேண்டியவையும்தான். ஆனால் நான்கு நாள், வயதான அப்பா அம்மா, கூட்டத்தில் இடிபடாமல் நடக்க வேண்டும் என்றால் என் பதில் சுவான்சோ. தென்கிழக்கில் ஃபூஜியான் மாகாணத்தில், சியாமெனுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் கடற்கரை நகரம். சோங், யுவான் அரசமரபுகள் ஆண்ட காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் ‘சைத்தூன்’ என்று எழுதியது இந்த ஊரைத்தான். 2021-இல் இங்குள்ள 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. 2025 நவம்பரில் 68 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. ஆங்கில எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். குவாங்சோ பக்கத்து மாகாணத்தின் தலைநகர், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டிக்கெட் போடும்போது எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சிங்கப்பூரிலிருந்து சியாமெனுக்கு நேரடி விமானம் நான்கரை மணி நேரம். சென்னையிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக வரலாம். சியாமென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுவான்சோ அரை மணி நேரம்தான். சுவான்சோ கிழக்கு, தெற்கு என்றெல்லாம் நிலையங்கள் உண்டு. பழைய நகருக்குப் போக வெறும் ‘சுவான்சோ’ என்று பெயருள்ள நிலையத்தில் இறங்குங்கள். பாஸ்போர்ட்தான் ரயில் டிக்கெட், அதனால் அது எப்போதும் கையில் இருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை, 2025 ஜூலையிலிருந்து சுற்றுலா விசா மறுபடியும் தருகிறார்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள்வரை விசா வேண்டாம்.

கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். டாக்சி, டீக்கடை, ரயில் எல்லாவற்றுக்கும் அதுதான். கூகுள் மேப் அங்கே உதவாது, அமேப் அல்லது ஆப்பிள் மேப் வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தை மேற்குத் தெரு பக்கம் பழைய நகருக்குள்ளேயே பாருங்கள். ஆனால் வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். எங்களை ஒரு விடுதியில், பணம் கட்டி முன்பதிவு செய்த பிறகும், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்ய முடியாது என்று இரவு பத்து மணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவைத் தெருவில் பெட்டியோடு நிற்க வைத்த அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

சரி, இப்போது ஊருக்குள் வருவோம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த ஊரில் எதை முதலில் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் நாள் கடல்வழிப் போக்குவரத்து வரலாற்று அருங்காட்சியகம், அதற்கடுத்த நாள் காலை காய்யுவான் கோவில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நாங்கள் மாற்றிவிட்டோம். ஊரைச் சுற்றத் தொடங்கிய முதல் நாள் திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் நேரே காய்யுவான் கோவிலுக்குப் போனோம். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோவில். 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு கற்கோபுரங்கள் 40 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. மூலக்கட்டடத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு தூண்கள் இருக்கின்றன, பதினாறு பட்டை கொண்டவை. கூட்டம் முன்பக்கமே ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுகிறது, பின்னால் ஆளே இல்லை. அம்மா தூணருகே போனார், குனிந்து பார்த்தார். “இது நரசிம்மருடா” என்றார். மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் அதே நரசிம்மர். அடுத்த பட்டையில் யானையின் காலை முதலை கவ்வ, கஜேந்திர மோட்சம். இன்னொன்றில் மரத்தின் மேல் கண்ணன், கோபியர் சேலைகளோடு. அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தூணைச் சுற்றினார். எனக்கு அவை எப்படி ஒரு சீனப் பௌத்தக் கோவிலுக்குள் வந்தன என்று அப்போது தெரியாது.

மறுநாள் அருங்காட்சியகத்தில்தான் விளங்கியது. சமயக் கற்சிற்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அரபு எழுத்துள்ள இஸ்லாமியக் கல்லறைக் கற்கள், தாமரை மேல் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்கள், அப்புறம் நம் பக்கத்துச் சிற்பங்கள். நின்ற கோலத்தில் ஒரு திருமால். சிவலிங்கத்தை யானை வழிபடும் ஒரு சிற்பம். திருவானைக்காவல் கதை தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. இவற்றைப் பார்த்த பிறகுதான், இங்கே தமிழ் வணிகர்கள் வெறுமனே வந்து போகவில்லை, கோவில் கட்டி வாழ்ந்தார்கள் என்பது உறைத்தது.

இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 1203, அதாவது 1281, சித்திரை மாதத்தில் வெட்டப்பட்டது. தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள், செகசைகான் ‘திருமேனிக்கு நன்றாக’, அவர் தந்த பர்மான்படி (அரசாணைப்படி), திருக்கதலீச்வரம் உடைய நாயனாராகிய சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. குப்லாய்கான் ஆண்ட காலம் அது. ஒரு மங்கோலிய கானின் உடல்நலத்துக்காக, பாரசீகச் சொல்லான பர்மானையும் சேர்த்து, நம் ஊர்க் கல்வெட்டு நடையில் ஒருவர் சீனத்துக் கரையில் எழுதி வைத்திருக்கிறார். கீழே சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊரில் பத்தாண்டுக் காலம் கலவரம் நடந்தது. அதன் பிறகு மிங் அரசர்கள் கடல் வணிகத்துக்குத் தடை போட்டார்கள். வெளிநாட்டவர் கலைந்தார்கள், சிவன் கோவில் சிதைந்தது. அதன் கற்கள் மற்ற கட்டடங்களுக்குப் போயின. காய்யுவான் கோவிலைப் பழுதுபார்த்தபோது அந்த இரண்டு தூண்களையும் எடுத்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதே கட்டடத்தின் முன்மேடை அடியில் மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள் வரிசையாக இருப்பதும் அந்தக் கோவில் கற்களே.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் அம்மா, “இன்னொரு தடவை அந்தத் தூண்கிட்ட போலாமா?” என்று கேட்டார். போனோம். முதல் நாள் கதை தெரிந்து பார்த்தவர், இரண்டாம் முறை அதைச் செதுக்கியவர்களை நினைத்துப் பார்த்தார். வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் அப்பா அம்மாவுக்கு அந்த நேரம் முதல் தடவையே கிடைக்கட்டும் என்றுதான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஊர் சுற்றும் முதல் நாள் திங்கட்கிழமையாக இல்லாதபடி வந்து சேருங்கள், அவ்வளவுதான்.

காய்யுவான் வளாகத்திலேயே பழைய கப்பல் கூடம் ஒன்று இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். 1974-இல் சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலக் கப்பல். எஞ்சியிருப்பது மட்டுமே 24 மீட்டர் நீளம். உள்ளே குறுக்குத் தடுப்புகளால் 13 அறைகள், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை காக்கும். அதற்குள் வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன. தூண்களில் நிற்கும் சாமிகள் எந்த வகைக் கப்பல் பாதையில் வந்தார்கள் என்று அங்கே நின்றால் தெரியும்.

காய்யுவான் பார்க்கும் அந்த இரண்டாம் நாள் மதியம் பழைய நகரில் நடங்கள். தூமென் தெருவில் 1009-இல் கட்டிய கல் பள்ளிவாசல், அதன் பக்கத்திலேயே போர்த் தெய்வம் குவான்தியின் கோவில், சிறிது தூரத்தில் கன்பூசியஸ் கோவில். தெற்கே கடலன்னை மாசுவின் தியென்ஹோ கோவில், 1196-இல் தோன்றியது. நான்கு வழிபாடுகளும் ஒரு மாலை நடைக்குள் அடங்கிவிடும். பள்ளிவாசலில் கூரை போன தொழுகைக்கூடச் சுவர்கள் வானம் பார்த்து நிற்கின்றன. மாலை வெளிச்சத்தில் போனால் நல்லது.

மூன்றாம் நாள் லோயாங் பாலத்துக்கு. போகும் முன் ஓத நேரத்தைப் பாருங்கள், வற்றுநேரம் வேண்டும். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த கற்பாலம், கட்டுவித்தவர் ஆட்சியாளர் சாய் சியாங். ஆறு கடலில் கலக்கும் இடம், ஓதமும் வெள்ளமும் மோதும் சேற்றுப்படுகை, கால் ஊன்ற இடமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படுகையின் குறுக்கே கல்லைக் கொட்டி அகலமாக ஒரு மேடு எழுப்பினார்கள். அதன்மேல் இரு முனையும் படகு மூக்குப் போலக் கூரான கால்களை நிறுத்தினார்கள். கற்களை இணைக்கச் சாந்து நிற்காது என்பதால் அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டி ஒட்டி வளர்ந்து கல்லையெல்லாம் ஒன்றாக இறுக்கிவிட்டது. தண்ணீர் வற்றும்போது பாலத்தின் கால்களில் அந்தச் சிப்பி ஓடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாகக் கட்டுமானத்துக்கு உயிர்தான் சாந்து. நான் அந்தப் பாலத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன், போதவில்லை.

அங்கிருந்து சுன்பூ மீனவர் கிராமம். பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் வளையம் வளையமாகச் சூடுவது அந்த ஊர் வழக்கம். இப்போது வெளியூர்ப் பெண்கள் வாடகை உடையும் பூவும் போட்டுப் படம் எடுக்கக் குவிகிறார்கள், மதியத்துக்குமேல் நெரிசல். காலையில் போனால் சிப்பி உரித்துக்கொண்டிருக்கும் பாட்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் தலையில் உள்ளதுதான் அன்றாடப் பூ. சிப்பி ஓடு பதித்த வீட்டுச் சுவர்களையும் பாருங்கள்.

நான்காம் நாள் பெட்டியோடு கார் வைத்துக்கொண்டு தெற்கே ஜின்ஜியாங் பக்கம் போய், அப்படியே சியாமென் போய்விடலாம். வழியில் இரண்டு இடங்கள். சாவோஆன் என்ற சின்னக் கோவிலில் 1339-இல் செதுக்கிய மானியின் கற்சிலை இருக்கிறது. பாரசீகத்தில் பிறந்து உலகெங்கும் அழிந்துபோன மானி சமயத்தின் நிறுவனரை இங்கே புத்தராக எண்ணி இன்றும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அடுத்து ஆன்பிங் பாலம், 1138 முதல் 1152 வரை கட்டியது, இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீளம். அம்மா பாதிவரை நடந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். அதுவே போதும்.

சாப்பாடு பற்றி. சைவம் என்றால் “வோ ச்சி சூ” என்று சொல்லுங்கள், ‘நான் சைவம் சாப்பிடுகிறேன்’ என்று பொருள். ஆனால் கீரை வதக்கலில்கூடப் பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்வது அங்கே சாதாரணம், அதனால் வேண்டாதவற்றை எல்லாம் சீன மொழியில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். பௌத்தக் கோவில்கள் இருப்பதால் ‘சூ’ எழுத்துள்ள சைவ உணவகங்கள் கிடைக்கும். கடல்பாசியை ஜெல்லியாக்கித் தேன் ஊற்றித் தருவார்கள், அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. ஆன்சி வட்டம் இந்த நகரத்தின் ஆட்சிக்குள்தான், தியெகுவான்யின் தேயிலை அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கரையில் பேசும் மின்னான் மொழியில் தேநீர் ‘தே’. நம் ‘தே’யும் இங்கே கிளம்பிக் கடல்வழியே பல மொழிகளைத் தொட்டு வந்து சேர்ந்ததுதான்.

காலம்: அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர்வரை நல்லது. அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீன விடுமுறைகள், வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர்வரை புயல். மார்ச், ஏப்ரலில் மழை இருக்கலாம், ஆனால் அப்போது போனால் நகரத்து மரமான ‘சித்தோங்’ சிவப்பாகப் பூத்திருக்கும். ‘சைத்தூன்’ என்ற பெயரே அந்த மரத்திலிருந்து வந்தது. நம் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கைதான் அது, அம்மா இலையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.