சில்கோசா பருப்பு ஏன் இவ்வளவு விலை? அது எந்த மரத்தில் காய்க்கிறது?
முந்திரி போலத் தோப்பு போட்டு எடுப்பதில்லை, அதுதான் முதல் காரணம். சில்கோசா என்பது ஒரு பைன் மரத்தின் விதை. இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌரிலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளிலும், சுமார் 1,800 முதல் 3,300 மீட்டர் உயரத்தில், வறண்ட சரிவுகளில் தானாக வளர்வது. பட்டை செதில் செதிலாக உரிந்து, நம் கொய்யா மரம் மாதிரி வழவழப்பாக இருக்கும்.

விதைகளைத் தாங்கும் கூம்பு (பைன் மரத்தின் காய்) முற்றவே ஏறக்குறைய இரண்டு வருடம். அப்புறம், அது விரிந்து விதை சிதறுவதற்குள், இலையுதிர் காலத்தில் செங்குத்துச் சரிவில் மரமேறிப் பறித்து, காயவைத்து விதையை உதிர்க்க வேண்டும். சரி, எல்லாக் கூம்பையும் பறித்துவிட்டால் காட்டில் முளைக்க விதை ஏது? தப்பி முளைத்த கன்றையும் ஆடுமாடுகள் மேய்ந்துவிடுகின்றன. அதனால் பல இடங்களில் இளமரங்களையே காண்பது அரிது.