தனுஷ்கோடிக்கு வண்டி வந்திருச்சா?

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுக்கு. என் மாமியாருக்கு 71 வயது. சின்ன வயதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போனவர். நானும் அவரோடு போய்த்தான் தொழில் பழகினேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாமனார் தவறினார். அதற்குப் பிறகு அத்தைக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், 'எனக்கு இன்னும் சோறு போடல' என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது. பொழுது சாய்ந்தால் துணிப்பையை எடுத்துக்கொண்டு, 'தனுஷ்கோடிக்கு வண்டி வந்திருச்சா, வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்புகிறார். அவர் பிறந்த ஊர் அது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னதற்கு, 'வயசானா அப்படித்தாம்மா' என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் நாத்தனார். ஏர்வாடியில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் தெருவில். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தச் சோற்று விஷயத்தை முடித்துவிடுவோம். அத்தை உங்களைக் குறை சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிட்டது அவருக்குள் பதியவே இல்லை. 'இப்பத்தானே தின்னீங்க' என்று தட்டைக் காட்டினால் நீங்கள் பொய் சொல்வதாகத்தான் நினைப்பார். சோற்றை இரண்டாகப் பிரித்து வையுங்கள். முதலில் பாதி, திரும்பக் கேட்டால் மீதி. பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்களே போய், 'அத்தைக்கு மறதி நோய் மாதிரி தெரியுது, இப்படி வந்தா எனக்கு ஒரு குரல் குடுங்க' என்று சொல்லிவிடுங்கள். அவமானம் பாதி போய்விடும், காவலுக்கும் ஒரு ஆள் ஆச்சு.

அடுத்தது அந்த 'வயசானா அப்படித்தாம்மா'. சொன்னவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி என்று எத்தனையோ பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்திருக்கிறேன். மறதிக்கென்று அவற்றில் ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. என் சொந்தப் பெரியம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் வாசலில் வந்து உட்கார்ந்தபோது நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது தைராய்டு குறைவு என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் ஆள் நன்றாகத் தெளிந்தார். அந்த எட்டு மாதமும் என் கணக்கில்தான் சேரும்.

பெயர் சட்டென்று வராமல் போவது, சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லாம் வயசு. சாப்பிட்டதையே மறப்பதும், பழகிய சமையல் கைதவறிப் போவதும் வயசு இல்லை. 2023இல் வெளியான நாடு தழுவிய கணக்கின்படி, 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறது. பெண்களிடமும் கிராமத்திலும் இன்னும் கூடுதல். வயசுதான் காரணம் என்றால் நூற்றில் மற்ற தொண்ணூற்று சொச்சம் பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

அதனால் மதுரை அப்புறம். அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்பப் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'மறதியா இருக்காங்க' என்றால் அந்தக் கூட்டத்தில் டாக்டர் காதில் ஏறாது. 'செவ்வாய்க்கிழமை மூணு தடவை சோறு கேட்டாங்க, ஆறு மணிக்குப் பையோட ரோட்டுல நின்னாங்க' என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.

வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரை, மருந்துக்கடையில் தூக்கத்துக்கும் சளிக்கும் அரிப்புக்கும் கேட்டு வாங்கியது, எல்லாம். எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்துக்குக் கொடுத்தது இருபது நாளில் தீர்ந்திருந்தால் அத்தை சில நாள் இரண்டு தடவை விழுங்குகிறார் என்று அர்த்தம். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையை அப்படி விழுங்கினால் சர்க்கரை இறங்கும். சர்க்கரை இறங்கினால் பேச்சும் புத்தியும் தடுமாறும். அவில் போன்ற அலர்ஜி மாத்திரையும் வயதானவர்களைக் குழப்பும். இனி மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். மாதாமாதம் வரும் தன்னார்வலர் பெண்ணிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், டாக்டரைவிட அவர்தான் அத்தையை அடிக்கடி பார்க்கிறார்.

ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, உப்புச்சத்து (சோடியம்), பி12 வைட்டமின் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே இல்லாத பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவருக்கு பி12 எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குறையலாம். கண்புரை, காது மந்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காதில் விழாத பேச்சு எப்படி ஞாபகம் இருக்கும்? மாமனார் போன துக்கமும் மறதி வேஷத்தில் வரும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சமீபத்தில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதுதான் முதலில் சொல்ல வேண்டியது. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிப் பிதற்றினால் நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் பாட்டிமார்களுக்கு மூத்திரத்தில் கிருமி வந்தாலே அப்படி ஆகும்.

ஞாபகத்தைச் சோதிக்க, 'இன்னைக்கு என்ன தேதி, நூத்துல ஏழு ஏழா கழிங்க' என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கு அது நியாயமான கேள்வி இல்லை. டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: 'அமாவாசை போய் எத்தனை நாள் ஆச்சுன்னு கேளுங்க சார்.' அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள் என்று கடல் வற்றும் வத்தம் பார்த்துப் பாசிக்குப் போயே வாழ்ந்த மனுஷிக்கு தேதி தெரியாவிட்டால் ஒன்றும் இல்லை. பிறைக் கணக்கு தெரியவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மறதி குறையவில்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் அவர்கள் சொன்னால் எடுக்கலாம். டிமென்ஷியாதான் என்றால் அதைத் துடைத்துப்போடும் மருந்து கிடையாது. டோனெபெசில் மாதிரி மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும், அவ்வளவுதான். 'தூங்க வைக்க ஏதாச்சும் குடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படி அடக்கி வைக்கும் மருந்துகளில் சில இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

ஏர்வாடி தர்கா. பிரார்த்தனைக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன். காலையில் போய் சாயங்காலம் அத்தையோடு திரும்பி வந்துவிடுங்கள். எங்கேயும் விட்டுவிட்டு வருவது கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் வெந்து போனார்கள். தர்கா வேறு, அந்தக் காப்பகம் வேறு, அதுவும் எனக்குத் தெரியும். வீட்டிலும் கதவைப் பூட்டி அடைக்காதீர்கள், காலைக் கட்டாதீர்கள். பாவாடை நாடாப் பட்டியில் உங்கள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ஏலக்கூடம் மூன்று இடத்திலும் சொல்லி வையுங்கள்.

சாயங்காலப் பையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனபோது அத்தைக்குப் பத்து வயது இருந்திருக்கும். அன்று அந்த ஊருக்குப் போன ரயில்வண்டியும் கடலோடு போயிற்று. 'அந்த ஊரே இல்ல அத்தை' என்று தினமும் சொல்கிறீர்கள் என்றால் தினமும் அவருக்கு அது புதுச் செய்தி. சொல்லாதீர்கள். 'வண்டி வரட்டும், உங்க வீட்டு முற்றத்துல என்ன இருந்துச்சு?' என்று கேளுங்கள். பொழுது இருட்டுவதற்கு முன்னாலேயே விளக்கைப் போட்டு, ஒரு டீயைக் கையில் கொடுங்கள். சில நாள் பை தானாகக் கீழே இறங்கும். சில நாள் இறங்காது, தெருக்கோடி வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். விசைப்படகு ஒன்றுவிட்ட ஒருநாள்தானே கடலுக்குப் போகிறது? கரையில் இருக்கும் நாளில் அவர் அம்மாவை அவர் பார்க்கட்டும். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பார், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதெல்லாம் அப்போது அவர் பொறுப்பு. உங்களுக்கே முடியாமல் போகிற ராத்திரியில் மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டுப் பேசுங்கள், காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. கரையில் பாசி உதறும்போது அத்தையையும் நிழலில் உட்கார வையுங்கள், தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இரண்டு வகைப் பாசியையும் கலந்து முன்னால் போட்டு, பாறையில் விரல் கிழியாமல் இருக்கச் சுற்றுவீர்களே, அந்தப் பழைய சேலைக் கிழிசலில் நாலைக் கையில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் வராமல் தடுமாறுகிறவர், விரலுக்கு விரல் துணி சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறாரா இல்லையா என்று கவனியுங்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள், டாக்டருக்கு உதவும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள். மாத்திரை அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து.