பழைய பிரியஸைத் தானம் கொடுக்கப் போறீங்களா? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு வரும் கார் நன்கொடைகளைப் பல வருடமாக நான்தான் கவனித்து வருகிறேன். வருபவற்றில் 2004 முதல் 2009 வரை வந்த டொயோட்டா பிரியஸ்தான் அதிகம், பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் கார். பல வண்டிகளின் பம்பரில் பழைய மஞ்சள் கார்பூல் ஸ்டிக்கர் வெளிறிப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டியில் ஒருவர் மட்டும் இருந்தாலும் கார்பூல் லேனில் போகலாம் என்ற அந்தச் சலுகை 2011 ஜூலை 1 அன்றே முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரீமாண்ட்: அக்கா, 2007 பிரியஸ், 1,90,000 மைல். சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. மெக்கானிக் பி0ஏ80 கோடு என்கிறார். பெரிய பேட்டரியை மாற்றிவிட்டுக் கொடுக்கவா?

வேண்டாம் தம்பி, அப்படியே கொடுங்க. அந்தப் பேட்டரிக்குள் 28 மாட்யூல்கள் (சின்னப் பேட்டரித் தொகுதிகள்) தொடராக இருக்கு. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. ஒன்றிரண்டு தளர்ந்தாலே மற்றவற்றோடு வோல்டேஜ் ஒத்துப்போகாது, கம்ப்யூட்டர் அந்தக் கோடைப் போட்டுவிடும். மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். தானமாக வரும் வண்டிகளைப் பெரும்பாலும் ஏலத்தில்தான் விற்பார்கள், அங்கே அவ்வளவு கூடுதலாக விலை போகாது. உங்கள் பணமும் போச்சு, தொண்டு நிறுவனத்துக்கும் பெரிய லாபமில்லை.

பின்சீட்டின் வலது ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கு, பார்த்திருக்கீங்களா? ஒரு வண்டியில் பக்கத்து பேனலைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த மின்விசிறியின் இறக்கைகளில் நாய்முடி சாம்பல் நிறக் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. அந்தப் பேட்டரி சூட்டிலேயே செத்திருந்தது. வண்டியை இன்னும் சில வருடம் ஓட்டப்போகிறவர்கள் அந்த ஜன்னலை இன்றைக்கே சுத்தம் பண்ணுங்க.

நன்கொடைப் படிவத்தில் "ஹைப்ரிட் பேட்டரி பழுது" என்று மறைக்காமல் எழுதுங்க. பேட்டரி போன வண்டியையும் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள்.

சான் ஹோசே: ஆறு மாதமாக நிற்கிறது. இப்போது எதுவுமே ஆன் ஆகவில்லை, டிக்கிகூடத் திறக்கவில்லை. இதையும் எடுப்பார்களா?

எடுப்பார்கள். ஆனால் செத்தது பெரிய பேட்டரிதான் என்று முடிவுகட்டிடாதீங்க. இந்த மாடலில் சாதாரண 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள் இருக்கு, டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் வேலை செய்வது. அது இறங்கிவிட்டால் டிக்கி திறக்காது. முன்பக்க பானெட்டைத் திறந்தால் ஃப்யூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும். ஜம்ப் கேபிளின் பாசிட்டிவ் அங்கேதான். நெகட்டிவை பெயின்ட் இல்லாத ஒரு உலோகப் பகுதியில் கொடுங்க. பாதி வண்டிகள் இதிலேயே உயிர்பிடித்துவிடும்.

அப்படியும் எழுந்திருக்காவிட்டால், டோ பண்ண ஆள் கேட்கும்போதே "பிரியஸ், பார்க் கியரிலேயே மாட்டிக்கொண்டிருக்கு, ஃப்ளாட்பெட் வேணும்" என்று சொல்லிடுங்க, நாலு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி அது. கியரும் மின்சாரத்தில்தான் மாறும். முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் உள்ளே மோட்டாரும் சேர்ந்து சுற்றும், அது ஆகாது.

எடிசன், நியூஜெர்சி: பழைய கார்களின் விலை காட்டும் புளூ புக்கில் 4,000 டாலர் காட்டுகிறது. அவ்வளவையும் வரியில் கழிக்கலாம்தானே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அந்தக் காலம் 2004-ஓடு முடிந்தது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்கவேண்டுமென்றால், தொண்டு நிறுவனம் வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் பொதுவாக உங்கள் கணக்கு. 900-க்குப் போனால் 900. நீங்கள் 22 சதவீத வரியில் இருந்தால் கைக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 198 டாலர்.

500-க்கோ அதற்குக் கீழோ விற்றால், வண்டியின் சந்தை மதிப்பு வரை, அதிகபட்சம் 500 கழிக்கலாம். நிறுவனம் வண்டியை விற்காமல் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுதுபார்த்தாலோ, வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலோ, அப்போது சந்தை மதிப்பையே போடலாம். அது அவர்கள் தரும் 1098-சி படிவத்தில் குறிக்கப்பட்டிருக்கணும். வண்டியை விற்றிருந்தால், விற்ற 30 நாளுக்குள் அந்தப் படிவம் வரவேண்டும். 500-க்கு மேல் கழித்தால், ரிட்டர்னோடு அதையும், பணமல்லாத நன்கொடைக்கான 8283 படிவத்தையும் இணையுங்க. "புளூ புக் விலைக்கே ரசீது போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால், அங்கே வண்டியைக் கொடுக்காதீங்க.

டல்லாஸ்: நாங்கள் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்கள்.

அதாவது செலவுகளைப் பட்டியலிடாமல் (ஐட்டமைஸ் செய்யாமல்) ஒரு நிலையான தொகையைக் கழிப்பவர்கள். அப்படியானால் கார் தானத்தால் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. ஓடுகிற வண்டியாக இருந்தால் நீங்களே விற்றுப் பணமாகக் கொடுங்க. 2026 வரி ஆண்டிலிருந்து ஐட்டமைஸ் செய்யாதவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையில் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம். பணத்துக்கு மட்டும்தான், காருக்கு இல்லை. நடுவில் யாரும் கமிஷன் எடுக்காததால் நிறுவனத்துக்கும் முழுத்தொகை போகும்.

சன்னிவேல்: பேப்பர் வேலை என்னென்ன?

டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வாங்குபவர் இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடாதீங்க, நிறுவனத்தின் பெயர் இருக்கணும். கலிஃபோர்னியாவில் கைமாறிய 5 நாளுக்குள் டி.எம்.வி-யில் (மோட்டார் வாகனத் துறை) பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைப் பதிவு பண்ணுங்க. அதை விட்டுவிட்டு, யாரோ ஓட்டிய வண்டிக்கு டோல் பில்லும் பார்க்கிங் அபராதமும் தன் பெயரில் வந்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸை அதற்குப் பிறகு நிறுத்துங்க. சாதாரண நம்பர் பிளேட் இங்கே வண்டியோடு போகும், வேறு மாநிலமென்றால் அங்கே கேட்டுக்கோங்க.

சிகாகோ: பணத்தை ஊரில் எங்களுக்குத் தெரிந்த குழந்தைகள் இல்லத்துக்கு நேரடியாக அனுப்பினால்?

நல்ல காரியம், செய்யுங்க. வரிக்கழிவு மட்டும் கிடைக்காது. அமெரிக்காவில் 501(சி)(3) என்ற தொண்டு நிறுவனப் பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் அது உண்டு.

பால்டிமோர்: எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, அக்கா. இன்னும் நன்றாக ஓடுகிறது. ஏலத்துக்கு அனுப்ப மனசு வரவில்லை.

அனுப்பாதீங்கம்மா. உங்கள் மேரிலாண்டிலேயே 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பு இருக்கு. தானமாக வரும் நல்ல வண்டிகளைச் சரிபார்த்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். பஸ் போகாத இடத்தில் வேலை கிடைத்த ஒருவருக்கு உங்கள் வண்டி சம்பளத்துக்குச் சமம். எல்லா வண்டியும் குடும்பத்துக்குப் போகாது, சிலதை விற்றுவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. சர்வீஸ் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு டாஷ்போர்டு பெட்டியில் வையுங்க, எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு உதவும். புளூடூத்தில் இருக்கும் உங்கள் ஃபோன் நம்பர்களை அழிச்சிடுங்க. கராஜ் ரிமோட்டையும், டோல் கட்டும் இ-இசட்பாஸ் கருவியையும் எடுத்துக்கோங்க. பின்சீட்டின் இடுக்கிலும் ஒருமுறை கைவிட்டுப் பாருங்க. போன மாதம் ஒரு வண்டியில் அங்கிருந்து ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு கிடைத்தது, நல்லவேளை, வண்டி அதுவரை எங்கள் பள்ளி வாசலில்தான் நின்றது.